தாசில்தார் போன பிறகு

ஜூலை 4, வெள்ளி

பிசியோதெரபி செய்ய வரும் ஷர்மிளா என்கிற பெண் இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் வலி எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டுமாம். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி. அன்றைக்கு நடந்தது, மனசில் ஓடியது எல்லாம் எழுதினால் நல்லதாம். இருபத்தாறு வருஷமாக விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவைத்தவள் நான். எனக்கு இருபத்து நாலு வயசுப் பெண் வீட்டுப்பாடம் கொடுக்கிறாள்.

பெயர் கே. துளசிமணி. வயது 54. கோபி பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜூன் 27 சாயங்காலம் பள்ளி விட்டு ஸ்கூட்டியில் வரும்போது வாய்க்கால் வளைவில் மணல் சறுக்கி விழுந்தேன். வலது தொடை எலும்பு இரண்டு துண்டு. உள்ளே கம்பி கொடுத்துத் திருகு போட்டிருக்கிறார்கள். வண்டியில் நாயும் இருந்தது. அது இறந்துவிட்டது. அவ்வளவுதான்.

வலி: 2.

ஜூலை 5, சனி

வலி: 2.

இன்று ஒரு போலீஸ்காரர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்னோடு வண்டியில் வந்த தாசில்தார் எந்த ஊர்க்காரர், குடும்பத்துக்குத் தகவல் சொல்லியாச்சா என்று கேட்டார்.

விளக்க வேண்டியதாயிற்று. தாசில்தார் என் நாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளி விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகத் தாசில்தாரைக் கூப்பிட்டிருந்தோம். அவருக்கு வேறு வேலை, வர முடியவில்லை. டர்க்கி டவல் விரித்துப் போட்டிருந்த அவருடைய நாற்காலியில் எங்கிருந்தோ வந்த ஒரு செவலை நாய் ஏறி உட்கார்ந்தது. பரிசளிப்பு முடியும்வரை இறங்கவில்லை. சாயங்காலம் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நான் மயக்கத்தில், "தாசில்தாரைப் பாருங்க, தாசில்தாருக்கு என்னாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு வாரமாக வார்டில் எல்லோரும் என்னைக் கொஞ்சம் மரியாதையாகவும் கொஞ்சம் சந்தேகமாகவும் பார்த்ததற்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது.

போலீஸ்காரர் எழுதியதை அடித்தார். பிறகு நாய்க்கு என்ன வயசு என்று கேட்டார். பத்து இருக்கும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

வலி: 2. சாம்பாரில் உப்பு இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் குழந்தைவேலு வந்தார். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் அவரைக் 'கணக்கு' என்றுதான் சொல்வோம். ஐம்பத்தேழு வயசு, ஒல்லி, எப்போதும் கையில் குடை. இருபத்திரண்டு வருஷமாக என் பி.டி. பீரியடுகளை எடுத்துக்கொண்டு கணக்கு நடத்துகிற மனிதர். "ஒரே ஒரு பீரியடுங்க டீச்சர், முக்கோணவியல் முடியலைங்க" என்பார். அவருக்கு முக்கோணவியல் இதுவரை முடிந்ததில்லை. விபத்து நடந்த அன்றைக்குக்கூட பத்தாம் வகுப்பு 'பி' பிரிவை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் முதலில் வந்ததும் 108-க்கு ஃபோன் போட்டதும் அவர்தான். நன்றி சொன்னேன். அரை மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, "டீச்சர், தாசில்தாரை நான்..." என்று ஆரம்பித்தார். நான் உடனே எட்டாம் வகுப்பு மாதத் தேர்வு எப்போது என்று கேட்டேன். தேதி சொல்லிவிட்டுப் போனார்.

வலி: 2.

ஜூலை 11, வெள்ளி

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. காங்கேயத்திலிருந்து அக்கா நாச்சம்மாள் துணைக்கு வந்திருக்கிறாள். வாசலில் கால் வைத்ததும் முதல் கேள்வி: "ஏன்டி துளசி, தாசில்தாரை வண்டில வெச்சுக்கிட்டுப் போனியாமா? ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

செய்தி காங்கேயம் வரைக்கும் அப்படித்தான் போயிருக்கிறது. நாய்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஐம்பத்து நாலு வயசில் தங்கச்சிக்கு ஒரு அரசு அதிகாரி அமைந்திருக்கிறார் என்று உள்ளூர ஒரு கணக்குப் போட்டிருப்பாள் போல.

கணக்கு வாத்தியார்தான் நாயைத் தூக்கிக்கொண்டு போனாராம், பள்ளி வாட்ச்மேன் சொன்னார் என்று அக்கா ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டேன். காலை மணி பத்து.

ஜூலை 13, ஞாயிறு

வலி: 2.

அக்கா எனக்குத் தாசில்தாரின் தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாது. அடுப்படி மூலையில் எவர்சில்வர் தட்டு கிடக்கிறது, நன்றாகத் தேய்த்து வைப்போம் என்று தேய்த்துவிட்டாள். ஓரத்தில் பல் பட்ட தடம் இருக்கிறது.

நாலு இட்லியும் சாப்பிட்டேன்.

ஜூலை 16, புதன்

ஷர்மிளா வீட்டுக்கு வந்து முட்டியை மடக்கினாள். தொடையில் கம்பி வைத்ததில் முட்டி இறுகிப் போயிருக்கிறதாம். கோணம் அளக்கிற பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை வைத்து அளந்து, முப்பத்தைந்து டிகிரி என்றாள். நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தொண்ணூறு வேண்டும். ஓடுவதற்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். முதலில் உட்காரலாம் மிஸ் என்றாள்.

அந்த நேரம் பார்த்து கணக்கு வந்தார். இப்போதெல்லாம் தினமும் நாலே முக்காலுக்கு வந்துவிடுகிறார், பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து. புதிதாக வாங்கிய பேட்டரி வண்டி என்னாச்சு என்று கேட்டதற்கு, சார்ஜ் நிற்கவில்லை என்றார். ஷர்மிளாவின் ஸ்கேலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளைக்குப் பள்ளியிலிருந்து கரும்பலகையில் வைத்து வரைகிற பெரிய மரப் பாகைமானியைக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

கொண்டுவந்துவிட்டார். பஸ்ஸில், மடியில் வைத்து. கண்டக்டர் அது என்ன என்று கேட்டாராம்.

பாகைமானியை என் முட்டியோடு சேர்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "முப்பத்தேழுங்க" என்று அறிவித்தார். ஷர்மிளா முப்பத்தைந்து என்றாள். இரண்டு பேருக்கும் பத்து நிமிஷம் வாக்குவாதம். மடக்கிய கால் மடக்கியபடியே இருக்க, நான் சுவரில் இருந்த காலண்டரை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

வலி: 2.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா ஆட்டுக்கால் சூப் போட்டாள். எலும்புக்கு நல்லதாம். குடிக்கும்போது, வண்டி எப்படித்தான் விழுந்தது, நீ சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டினவளாயிற்றே என்று கேட்டாள். நாய் துள்ளிவிட்டது என்று சொன்னேன்.

"பாத்தியா? நாயை முன்னால நிக்க வெச்சு யாராச்சும் வண்டி ஓட்டுவாங்களா? அது பண்ணுன வேலை" என்றாள்.

சூப்பை வைத்துவிட்டேன். எலும்பை யாருக்குப் போடுவது என்று அக்கா கேட்டாள்.

ஜூலை 21, திங்கள்

தாசில்தார் ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் வண்டியில் துள்ளியது கிடையாது.

ஜூலை 25, வெள்ளி

என் கோ-கோ பிள்ளைகள் வந்தார்கள். பன்னிரண்டு பெண்கள். கேப்டன் மோகனப்பிரியா ஒன்பதாம் வகுப்பு, காற்று மாதிரி ஓடுவாள். ஆகஸ்டில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி. நான் இல்லாமல் யார் பயிற்சி கொடுப்பது என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரியில் பாதி நேரம் போனது.

"கணக்கு சார்தான் மிஸ்" என்றாள் மோகனப்பிரியா.

நம்பவில்லை. உண்மைதானாம். பி.டி. பீரியடை எடுக்கவே இல்லையாம். அதற்கு மேல் தன்னுடைய கணக்கு பீரியடையும் கொடுத்து மைதானத்துக்கு அழைத்துப் போகிறாராம். லைப்ரரியிலிருந்து விதிமுறைப் புத்தகம் எடுத்து, அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறார். கோர்ட் கோணலாக இருக்கிறது என்று கயிறு பிடித்து மறுபடி அளந்து போட்டிருக்கிறார். குடை பிடித்துக்கொண்டு நின்று, ஓடுகிற பிள்ளையிடம் எந்தக் கோணத்தில் திரும்பணும் என்று சொல்கிறாராம். பிள்ளை அதைப் புரிந்துகொள்வதற்குள் எதிரணி தொட்டுவிடுகிறது.

சாயங்காலம் அவர் வந்து, குடையை மூலையில் சாத்திவிட்டு நேராகப் பாகைமானியை எடுத்தார். முட்டி ஐம்பத்தொன்று. அவர் கணக்கில் ஐம்பத்து மூன்று.

ஆகஸ்ட் 4, திங்கள்

தலைமையாசிரியர் ஃபோன் செய்தார். நல்ல மனிதர். திரும்பி வரும்போது சிரமமாக இருந்தால் லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளலாம், மேலே பேசி ஏற்பாடு செய்கிறேன், உட்கார்ந்த வேலை என்றார். யோசித்துச் சொல்கிறேன் சார் என்றேன்.

உட்கார்ந்த வேலை. எனக்கு இன்னும் உட்காரவே வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஷர்மிளா நோட்டை வாங்கி மதிப்பெண்களை மட்டும் பார்த்தாள். "எல்லா நாளும் ரெண்டுன்னு போட்டிருக்கீங்க மிஸ். நேத்து நீங்க கத்துனதுல தெருக்கோடி வீட்டம்மா வெளிய வந்து பாத்தாங்க."

நான் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்வேன் என்றேன். முட்டி சிராய்த்துக்கொண்டு வந்தால், ஒன்றுமில்லை, மண்ணைத் தட்டிவிட்டு ஓடு என்பேன்.

"அவங்க ஓடினாங்களா?"

ஓடினார்கள்.

"வலிக்காமலா ஓடினாங்க?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சு அதிகம். அறுபத்திரண்டு டிகிரி.

ஆகஸ்ட் 14, வியாழன்

குறுவட்டப் போட்டி. காலையிலிருந்து ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அக்கா இரண்டு முறை ஃபோனைப் பிடுங்கப் பார்த்தாள்.

அரையிறுதியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். ஆறரை மணிக்குக் கணக்கு வந்தார். சட்டையெல்லாம் புழுதி. நடுவரிடம் சண்டை போட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் யாரிடமும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. மோகனப்பிரியா கோட்டைத் தாண்டவில்லை என்று நிரூபிக்க, தன் பாக்கெட்டில் இருந்த டேப்பை எடுத்து நடுவர் கண் முன்னால் அளந்திருக்கிறார். நடுவர் அவரை மைதானத்தை விட்டு வெளியேற்றிவிட்டார். சுற்றுச்சுவருக்கு வெளியே, ஒரு பால் வண்டி மேல் ஏறி நின்று மீதி ஆட்டத்தைப் பார்த்தாராம்.

"என்னை மன்னிச்சுருங்க டீச்சர். நீங்க இருந்திருந்தா ஜெயிச்சிருக்கும்" என்றார்.

நான் இருந்திருந்தால் என்னையும் வெளியேற்றியிருப்பார்கள் என்றேன். ஜூன் மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்தால் தொடையில் வலிக்கிறது.

வலி: 4.

ஆகஸ்ட் 23, சனி

மோகனப்பிரியாவும் இன்னும் இரண்டு பெண்களும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பையைத் திறந்தால் ஒரு நாய்க்குட்டி. கறுப்பு, காது ஒன்று மடிந்து. எனக்காகவாம்.

எடுத்துக்கொண்டு போங்க என்று கத்திவிட்டேன். மைதானத்தில் கத்துகிற குரல். ஒரு பெண் அழுதுவிட்டது. குட்டி பயந்துபோய் என் வாக்கரின் காலில் மூத்திரம் போனது. கணக்கு அங்கேதான் இருந்தார். குட்டியைத் துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டு, குட்டியோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

குட்டியை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், பிள்ளைகளை ஏன் திட்டினே என்று அக்கா கேட்டாள். அது நல்ல குட்டி. வைத்துக்கொண்டால் எனக்குப் பிடித்துவிடும். அதுதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மூன்று பெண்களுக்கும் ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டேன். மோகனப்பிரியா, "பரவால்லீங் மிஸ், நீங்க எப்பவும் கத்துவீங்கதானே" என்று ஆறுதல் சொன்னாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

தொண்ணூறு டிகிரி. ஷர்மிளாவும் கணக்கும் முதல் தடவையாக ஒரே எண்ணைச் சொன்னார்கள். அக்கா கேசரி கிண்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தேன், முதுகு நிமிர்ந்து, இரண்டு பாதமும் தரையில். எல்லோரும் கைதட்டினார்கள். இன்னும் ஆறு மாசத்தில் மெதுவாக ஓடக்கூட முடியும் என்று டாக்டர் சொன்னதாக ஷர்மிளா சொன்னாள். லைப்ரரி வேண்டாம் சார் என்று தலைமையாசிரியருக்கு உடனே செய்தி அனுப்பிவிட்டேன்.

சந்தோஷமான நாள். எல்லோரும் அடுப்படிப் பக்கம் போனதும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது கையைக் கீழே தொங்கவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. ஒன்பது வருஷமாக நான் உட்கார்ந்தால் அந்தக் கைக்குக் கீழே ஒரு தலை வந்துவிடும்.

வலி: 9. காலில் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

வலது காலை ஊன்றி, ஒற்றைக் கைத்தடியோடு வாசல் வரை போய் வந்தேன். இந்த நோட்டில் இன்னும் ஒன்றை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

மணல் இருந்தது உண்மைதான். அந்த வளைவில் எட்டு வருஷமாக மணல் இருக்கிறது. எட்டு வருஷமாக நான் அங்கே மெதுவாகத்தான் போவேன்.

அன்றைக்குப் பத்தாம் வகுப்பு 'பி'-யை அவர் எடுத்துக்கொண்ட கோபத்தில் கிளம்பினேன். தாசில்தார் எப்போதும்போல முன்னால், கால் வைக்கிற இடத்தில். பழைய டி.வி.எஸ்.ஸில் கணக்கு ஒருநாளும் என்னை முந்தியதில்லை. அன்றைக்குப் புதுப் பேட்டரி வண்டியில் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து, குடை முதுகில் ஆட, முந்திக்கொண்டு போனார். எனக்குப் பொறுக்கவில்லை. முறுக்கினேன். வளைவு வந்தது தெரியும். மணல் இருப்பது தெரியும்.

நாய் துள்ளவில்லை. அக்காவிடம் காலையில் சொல்லிவிட்டேன். அவள் என் தலையில் எண்ணெய் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "போச்சாது, போவட்டும் உடு கண்ணு" என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று கணக்கு வந்ததும் நானே கேட்டேன். "தாசில்தாரை எங்கே வெச்சிருக்கீங்க சார்?"

அவர் இரண்டு மாசமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர் மாதிரி உடனே சொன்னார். ஆம்புலன்ஸ் போனதும் தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தே போய், தன் தென்னந்தோப்பில் புதைத்திருக்கிறார். வண்டி இருந்ததே, ஏன் நடந்தீர்கள் என்றேன். ஓட்ட முடியலைங்க என்றார். அதற்குப் பிறகும் ஓட்டவில்லை. சார்ஜெல்லாம் நன்றாகத்தான் நிற்கிறதாம்.

இன்று காலை ஆட்டோவில் போனோம். அக்காவும் வந்தாள். வண்டி தோப்புக்கு வெளியே நின்றுவிட்டது. உள்ளே வரப்பில் கைத்தடியோடு நடக்க வேண்டும். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் கணக்கு, ஐம்பதடி தூரத்துக்குக் கால் மணி நேரம். அக்கா வழியில் இருந்த வேலி நிழலில் உட்கார்ந்துவிட்டாள். மேலே நாங்கள் மட்டும் போனோம்.

மேட்டில் புல் முளைத்திருந்தது. சுற்றிலும் செங்கல் பதித்திருந்தார். செங்கல் வரிசை அவ்வளவு நேராக இருந்தது.

நான் சொன்னேன். "சார், நான் அன்னைக்கு உங்களை முந்தணும்னுதான் முறுக்கினேன். மணல் மேல பழி போட்டேன். அப்புறம் இவன் மேலயே போட்டேன்."

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கண்ணாடில பாத்தனுங்க டீச்சர். நீங்க வேகமா வர்றது தெரிஞ்சுது. நான் குறைச்சிருக்கணும். குறைக்கலைங்க. நானும் முறுக்கினேன். ஒரு நாளாவது உங்களை முந்தியே ஆகணும்னு இருந்துச்சு."

நான் விழுந்த நாளிலிருந்து எழுபத்தொன்பது நாளாக இதைச் சொல்லத்தான் முயன்றுகொண்டிருந்தாராம். தினமும் பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்வாராம். என் முகத்தைப் பார்த்ததும் பாகைமானியை எடுத்துவிடுவாராம்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விழுந்தபோது யார் முன்னால் இருந்தது என்று கேட்டேன். அவர்தான் என்றார், ஒரு வண்டி நீளம். இல்லை, நான் பாதி முந்திவிட்டேன் என்றேன். அவர் வரப்பில் குடையால் கோடு போட்டு வளைவைக் காட்டினார். நான் கைத்தடியால் அதைத் திருத்தினேன். தாசில்தாருக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் இப்படிச் சண்டை போட்டோம், ஒரு ஐந்து நிமிஷம் இருக்கும். நடுவில் எப்போது என்று தெரியவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாக. குனிந்து உட்கார முட்டி மடங்காது, அதனால் நின்றபடியே.

கணக்கு கையைப் பிசைந்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, விரலை நீட்டித் தென்னை மரங்களை எண்ண ஆரம்பித்தார். கடைசி வரிசை வரை எண்ணிவிட்டு, திரும்பாமலே, "எழுபத்து மூணுங்க" என்றார்.

நான் மூக்கைச் சிந்தினேன்.

"இன்னொருக்கா எண்ணட்டுங்களா டீச்சர்?"

எண்ணுங்க சார் என்றேன். முதல் மரத்திலிருந்து எண்ணினார்.